இளமை தீர்ந்தபின்: முதியோர் இணைவாழ்வும் தொழில்வழி மருத்துவத்தின் அறமும் – கொல்கத்தாவை முன்வைத்து

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த முதியவர் மறுவாழ்வுப் பிரிவுக்கு வரும்போது அவரிடம் கேட்கப்படும் வினாக்கள் ஏறத்தாழ எங்கும் ஒன்றே. தாமே உண்ண முடிகிறதா, குளிக்க முடிகிறதா, சட்டைப் பொத்தானை இட முடிகிறதா, கழிப்பறைக்குச் செல்ல முடிகிறதா, படியேற முடிகிறதா என்பன அவை. அவர் இரவில் யார் அருகில் உறங்குகிறார், மனைவியை அணைத்துக்கொள்ள அவருடைய கை இடம் தருகிறதா, அதனை அவர் விரும்புகிறாரா என்னும் வினாக்கள் அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அமெரிக்கத் தொழில்வழி மருத்துவச் சங்கம் வகுத்துள்ள நடைமுறைச் சட்டகம், பாலியல் செயற்பாட்டைக் குளித்தல், உண்ணல், உடுத்தல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அன்றாட வாழ்க்கைச் செயல்களுள் ஒன்றாகவே வைத்துள்ளது. பட்டியலில் உள்ள ஒன்று படுக்கையருகே நடக்கும் உரையாடலில் மட்டும் விடுபடுகிறது. இவ்விடுபாடு நாகரிகமா, அநீதியா என்பதே இக்கட்டுரை எழுப்ப விழையும் வினா. இதற்குக் கொல்கத்தா நகரம் களமாகக் கொள்ளப்படுகிறது. முதுமை பற்றிய வங்காளக் கருத்தாக்கங்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளமை ஒரு காரணம். தமிழ் மரபின் சில கருத்துகளை அவற்றோடு ஒப்பவைத்துக் காணும் வாய்ப்பு மற்றொரு காரணம்.

தொழில் என்னும் சொல்

ஆக்குபேஷனல் தெரபி என்பதற்குத் தமிழில் தொழில்வழி மருத்துவம், செயல்வழி மருத்துவம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. தொழில் என்றவுடன் பிழைப்புக்குரிய வேலை எனப் பொருள்கொண்டு, இஃது ஊனமுற்றோருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் துறை எனப் பலர் மயங்குவதுண்டு. இம்மயக்கத்துக்குச் சொல் பொறுப்பன்று. சொல்லின் பழம்பொருளை மறந்தமையே பொறுப்பு. இலக்கணத்தார் தொழிற்பெயர் என்றபோது ஊதியம் தரும் வேலையைக் கருதவில்லை. உண்டல், உறங்கல், நினைத்தல், தழுவல் அனைத்தும் அவர்களுக்குத் தொழிலே. மனிதன் தன் காலத்தையும் மனத்தையும் ஈடுபடுத்தும் எச்செயலும் தொழில் என்னும் அப்பழம்பொருள், இம்மருத்துவத் துறை கொண்டுள்ள பொருளோடு முற்றும் பொருந்துகிறது. ஆகவே இக்கட்டுரை தொழில்வழி மருத்துவம் என்னும் பெயரையே ஆள்கிறது.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட கமலா நிம்ப்கர். 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அவர் முதற்பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அனைத்திந்தியத் தொழில்வழி மருத்துவர் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் தோன்றிய உலகக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. கொல்கத்தாவில் பன்ஹூக்ளிப் பகுதியில் 1978இல் எலும்பியல் ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் நிறுவப்பட்டது. இன்று இயக்கக் குறைபாட்டோருக்கான தேசிய நிறுவனம் எனப் பெயர் மாறியுள்ள அந்நிறுவனம் இத்துறையில் பட்டப்படிப்பை நடத்திவருகிறது. 2021இல் நிறைவேறிய துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறையினரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. எனவே துறை புதியதன்று. அதன் ஒரு பக்கம் மட்டும் திறக்கப்படாமலே கிடக்கிறது.

அப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் கூறுதல் தகும். இத்துறை மருந்து தருவதில்லை, அறுவை செய்வதில்லை. ஒரு செயலைக் கூறுகூறாகப் பிரித்து, உடல் எங்கே தடுக்கிறது, இடம் எங்கே தடுக்கிறது, அச்சம் எங்கே தடுக்கிறது எனக் கண்டு, தடையை விலக்கவோ சுற்றிச் செல்லவோ வழி காட்டுவதே இதன் முறை. மூட்டுவாதம் உடையவருக்கு விடியற்காலையில் மூட்டு இறுகியிருக்கும். வெந்நீர்க் குளியலுக்குப் பின், வலிமாத்திரை வேலைசெய்யும் நேரத்தில் உடல் இணங்கும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் முதல் சில வாரங்கள் தொடையை மிகுதியாக மடக்கவோ உட்புறம் திருப்பவோ கூடாது. ஒருக்களித்த நிலையும் தலையணைத் தாங்கலும் அவருக்குப் பாதுகாப்பு. மாரடைப்புக்குப் பின் நெருக்கத்தை நினைத்தே நடுங்குவோர் பலர். இளைப்போ நெஞ்சுவலியோ இன்றி இரண்டு மாடிப் படிகளை ஏற முடிந்தவருக்கு அவ்வச்சம் பெரும்பாலும் தேவையற்றது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பக்கவாதம் கண்டவருக்கு உணர்வுள்ள பக்கம் எது, இல்லாத பக்கம் எது என்பதைத் துணைவர் அறிந்திருக்க வேண்டும். மூச்சிரைப்பு உடையவருக்கு உண்டவுடன் எதுவும் ஆகாது. இவையெல்லாம் மிக எளிய செய்திகள். அறியாமையால் அல்ல, கேளாமையால் இவை முதியோரைச் சென்றடைவதில்லை.

கட்டிலைப் பற்றியும் ஒரு சொல். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் பெட்டிகளும் பாத்திரங்களும் அடியில் கிடக்கும்படி செங்கல்மேல் உயர்த்திவைத்த கட்டில்களைக் காணலாம், நாற்புறமும் கொசுவலை. முழங்கால் தேய்ந்த மூதாட்டிக்கு அக்கட்டில் ஏற முடியாத மேடையாகிவிடுகிறது. அவர் தரையில் பாய் விரித்துக்கொள்கிறார், கணவர் மேலே. நாற்பதாண்டு இணைவாழ்வு நான்கு செங்கற்களால் பிரிந்துவிடுவதுண்டு. அச்செங்கற்களை அகற்றச் சொல்வது மருத்துவமா என்று வினவலாம். தொழில்வழி மருத்துவத்தின்படி அதுவே மருத்துவம்.

வெள்ளைச் சேலையும் மாயையும்

செங்கல் மட்டும் தடையன்று. வங்காளத்தில் முதுமை எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதை அமெரிக்க மானிடவியலார் சாரா லாம்ப் சாந்திநிகேதனுக்கு அண்மையிலுள்ள மங்கல்திகி என்னும் சிற்றூரில் தங்கி ஆராய்ந்து, வெள்ளைச் சேலைகளையும் இனிய மாம்பழங்களையும் தலைப்பில் கொண்ட நூலை 2000இல் வெளியிட்டார். அவ்வூராரின் எண்ணத்தில் இளம் மகளிரின் உடல் வெம்மையும் ஈரமும் உடையது. முதுமகளின் உடல் குளிர்ந்து உலர்ந்தது. மகனுக்கு மணமாகி மருமகள் வந்தபின் மாமியார் தம் தாம்பத்தியத்தை நிறுத்திக்கொள்வதே முறை. மூத்தோர் வீட்டின் நடுவிலிருந்து திண்ணைக்கும் முற்றத்துக்கும் நகர்கின்றனர், உடையின் நிறம் வெளிறுகிறது, உணவும் மாறுகிறது. குளிர்தல் என்பது அவர்களுக்கு இழப்பன்று, தகுதி.

லாம்ப் கண்டவற்றுள் மிக நுட்பமானது வேறொன்று. வயது கூடக் கூடப் பற்று குறையும் என நூல்கள் கூறும். அவ்வூர் முதியோரோ, வயது கூடக் கூட மாயை கூடுகிறது என்றனர். பிள்ளை, பேரன், வீடு, மரம், உண்ட சுவை என்று கண்ணிகள் பெருகிக்கொண்டே போகின்றன. அறுத்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் குளிர்ச்சியும் வெண்மையும் தேவைப்படுகின்றன. ஆகவே துறப்பு முதியோரின் இயல்பன்று. அது முதியோர் தாமே மேற்கொள்ளும் ஒரு முயற்சி. இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. இயல்பு எனக் கொண்டால் மருத்துவர் கேட்பதற்கு ஒன்றுமில்லை. முயற்சி எனக் கொண்டால், அதனை இந்த முதியவர் மேற்கொண்டிருக்கிறாரா, அல்லது அவர்மேல் பிறர் ஏற்றியிருக்கின்றனரா என்பது கேட்கத்தக்க வினாவாகிவிடுகிறது.

நகரம் இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கியுள்ளது. 2001 மக்கட்கணக்கில் 45.73 இலக்கமாக இருந்த கொல்கத்தா மாநகரின் மக்கள்தொகை 2011இல் 44.97 இலக்கமாகக் குறைந்தது. பிறப்புகள் குறைந்தன, இளையோர் பெங்களூருக்கும் கடல்கடந்தும் சென்றனர். 1882இல் ஏழை எளியோரின் சிறு சகோதரியர் என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபையினர் தொடங்கிய முதியோர் இல்லம் நெடுங்காலம் தனித்து நின்றது. இப்போதைய இல்லங்களில் பெரும்பாலானவை 1990களுக்குப் பின் தோன்றியவை என்பதையும், அவை முன்னோர் கூறிய வனவாச நிலையைப் புதுவடிவில் நினைவூட்டுவதாக அங்கு வாழ்வோர் சிலரே கருதுவதையும் லாம்ப் தம் 2009ஆம் ஆண்டு நூலில் காட்டுகிறார். கொல்கத்தாக் காவல்துறை 2009இல் தொடங்கிய பிரணாம் என்னும் திட்டம் தனித்து வாழும் முதியோரின் பாதுகாப்பையும் அவசர உதவியையும் கவனிக்கிறது. பாதுகாப்பு, மருந்து, பேச்சுத்துணை ஆகியவை முதியோரின் தேவைகள் எனச் சமுதாயம் ஏற்றுக்கொண்டுவிட்டது. தொடுகை இன்னும் அப்பட்டியலில் ஏறவில்லை. லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்தில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதிலிருந்து வேறன்று.

இல்லங்கள் பலவற்றில் ஆடவர் பகுதி வேறு, மகளிர் பகுதி வேறு. இல்லத்துக்குச் செல்லாதவர்களும் தப்புவதில்லை. தந்தை மூத்த மகன் வீட்டிலும் தாய் இளைய மகன் வீட்டிலும் எனப் பங்கிடப்படும் வழக்கம் வங்கத்துக்கு மட்டும் உரியதன்று; தமிழகத்துக்கும் அது புதிதன்று. 2003இல் வெளிவந்த 'பாக்பான்' என்னும் இந்தித் திரைப்படம் இப்பங்கீட்டையே கதையாக்கியது. பங்கிடும் மக்கள் கொடியவர் அல்லர். பாட்டி பேத்தியோடு படுத்துக்கொள்ளட்டும், தாத்தா கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும் என இரண்டறை வீட்டில் முடிவுசெய்யும்போது அவர்கள் மனத்தில் இடநெருக்கடியே இருக்கிறது. அம்முடிவு எடுக்கப்படும்போது பெற்றோரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றாமையில்தான் சிக்கல் இருக்கிறது.

நந்திதா ராய், சிவபிரசாத் முகர்ஜி ஆகியோர் இயக்கி 2015இல் கொல்கத்தாவில் நீண்ட நாள் ஓடிய 'பேலா சேஷே' என்னும் வங்கத் திரைப்படம் இவ்விடத்தில் கருதத்தக்கது. நாற்பத்தொன்பது ஆண்டு மணவாழ்வுக்குப் பின் கணவர் மணமுறிவு கேட்கிறார். சௌமித்ர சட்டர்ஜியும் சுவாதிலேகா சென்குப்தாவும் அவ்விணையராக நடித்துள்ளனர். பிள்ளைகள் அதிர்கின்றனர், நீதிமன்றம் இருவரையும் சில நாள் சேர்ந்திருக்கச் சொல்கிறது. இருவருக்கும் இடையே பகை இல்லை. ஒருவரையொருவர் அறியாமல் கடமையாற்றியே காலம் கழிந்துவிட்டது என்பதுதான் குறை. அப்படத்தில் நெருக்கம் என்பது உடற்சேர்க்கையைக் குறிக்கவில்லை. அன்றாடச் சிறு செயல்களில் ஒருவர் மற்றொருவரைக் கவனித்திருத்தலையே குறிக்கிறது. தொழில்வழி மருத்துவம் நெருக்கத்தைச் செயலாகக் காண்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடைப்பதரிது.

இளமை தீர்திறம்

தமிழ் மரபு இதுபற்றி என்ன கூறுகிறது? தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதி, இன்பம் நிறைந்து முடிந்த கடைக்காலத்தில் மக்களும் அறநாட்டமுள்ள சுற்றமும் சூழத் தலைவனும் தலைவியும் உயர்ந்ததொன்றைப் பயின்று வாழ்தலைக் கழிந்த வாழ்வின் பயனாகக் கூறுகிறது. உரைமரபு அவ்வுயர்ந்ததனைப் பெரும்பாலும் துறவு, வீடு என்னும் திசையில் கொண்டு சென்றுள்ளது. நூற்பாவோ அது யாதெனப் பெயரிட்டுக் கூறவில்லை. மேலும் ஒன்று: தலைவன் தனித்துச் செல்வதாகவோ தலைவி தனித்து ஒதுங்குவதாகவோ அங்குக் கூறப்படவில்லை. இருவரும் சேர்ந்தே பயில்கின்றனர். காமம் அடங்கிய நிலையிலும் இணை கலையவில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தந்தையை ஒரு மகனுக்கும் தாயை இன்னொரு மகனுக்கும் பங்கிடுவோர் தொல்காப்பியத்தைத் துணைக்கழைக்க இயலாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெருந்திணைக்குரியனவாகத் தொல்காப்பியம் எண்ணும் நான்கனுள் இளமை தீர்திறம் ஒன்று. அதற்கு இளம்பூரணர் மூவகைப் பொருள் கூறுகிறார். தலைவன் முதியவனாய்த் தலைவி இளையளாதல் ஒன்று. தலைவி முதியளாய்த் தலைவன் இளையனாதல் மற்றொன்று. இருவருமே இளமை நீங்கியபின் மனம் அறத்தின்பால் செல்லாது காமத்தின்பால் செல்லுதல் மூன்றாவது. முதியோர் காதலை ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தும் தெளிவான சான்றாக இது தோன்றும். ஆயினும் உரையாசிரியர் வைத்துள்ள நிபந்தனையைக் கூர்ந்து காணல் வேண்டும். காமம் எழுந்தமை மட்டும் அங்குக் குற்றமாகவில்லை. அறத்தை விலக்கி அதன் இடத்தில் காமம் அமர்ந்தமையே குற்றமாகிறது. அவ்வாறெனின், நோயுற்ற கணவரின் உடலைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கும் மூதாட்டி அதே கையால் அவர் நெற்றியைத் தடவுவதும், அவர் அக்கையைப் பற்றிக்கொள்வதும் அறத்தின் பக்கமா, காமத்தின் பக்கமா? இளமையில் இவ்விரண்டும் வேறுவேறாக நிற்கலாம். முதுமையில் பேணுதலும் விழைதலும் ஒரே செயலுக்குள் கலந்துவிடுகின்றன. இளம்பூரணரின் நிபந்தனை அவ்விடத்தில் செல்லாது.

யயாதியின் கதை இங்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதுண்டு. மகனின் இளமையை இரந்து பெற்று நெடுங்காலம் துய்த்தும் வேட்கை தணியாத அவ்வரசன் முதியோர் காமத்துக்கு எச்சரிக்கையாக நிறுத்தப்படுகிறான். உண்மையில் யயாதி விரும்பியது முதுமையில் இன்பமன்று. முதுமையையே விலக்கிய இன்பம். 1998இல் வயாகரா மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் எழுந்த வணிகமும் யயாதி வழியிலேயே செல்கிறது. முதுமையில் வெற்றி என்பது இளமையைப்போல் இருத்தலே எனும் மேற்கத்திய ஆவேசத்தை லாம்ப் தம் பிற்கால எழுத்துகளில் கண்டித்திருப்பது குறிப்பிடத்தக்கது. வயதானவர் விழையக் கூடாது என்பதும், வயதானவரும் விழைந்தே ஆக வேண்டும் என்பதும் அவர்மேல் பிறர் சுமத்தும் ஆணைகளே.

இசைவு யார் தருவது

1976இல் ஜாக் ஆனன் என்னும் உளவியலார் பாலியல் நலம் பற்றிய உரையாடலுக்கு நான்கு படிகளை வகுத்தார். இசைவு தருதல், வேண்டிய அளவு செய்தி கூறல், குறிப்பிட்ட ஆலோசனை, தீவிர சிகிச்சை என்பன அவை. தொழில்வழி மருத்துவர் முதல் மூன்று படிகளில் பணியாற்றலாம். நான்காவது பிற வல்லுநர்க்குரியது. பெரும்பாலானோர்க்கு முதற்படியே போதும் என்பது அனுபவமுடையோர் கருத்து. இதைப் பற்றி இங்குப் பேசலாம் என்னும் ஒரே செய்தி பலருடைய அச்சத்தைத் தணித்துவிடுகிறது. அச்செய்தியும் எளிதில் கிடைப்பதில்லை. 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரில் 65–74 வயதினருள் 53 விழுக்காட்டினரும் 75–85 வயதினருள் 26 விழுக்காட்டினரும் பாலியல் வாழ்வு தொடர்வதாகக் கூறினர். ஐம்பது வயதுக்குப் பின் மருத்துவரிடம் அதுபற்றிப் பேசியவர்களோ ஆடவருள் 38, மகளிருள் 22 விழுக்காட்டினரே. வெளிப்படையானது எனக் கருதப்படும் சமுதாயத்தின் நிலையே இது.

கொல்கத்தாவில் சிக்கல் இன்னும் ஒரு மடிப்புக் கூடுதல். இருபத்து மூன்று வயது மருத்துவப் பெண் எழுபத்தைந்து வயது மூதாட்டியை மாஷிமா என்றும், அவர் கணவரை மேஷோமஷாய் என்றும் அழைக்கிறாள். தமிழகத்திலாயின் அம்மா, ஐயா, பாட்டி, தாத்தா. இம்முறைச்சொற்கள் அந்நியரை ஒரு நொடியில் உறவினராக்குகின்றன. மருத்துவமனையின் குளிர்ந்த சுவர்களுக்குள் அன்பைக் கொண்டுவருகின்றன. அதே நொடியில் ஒரு பொருளைப் பேச முடியாததாகவும் ஆக்கிவிடுகின்றன. தாயின் தங்கையிடம் படுக்கையறையைப் பற்றி யார் கேட்பார்? முதியவரும் மகள் முறையாகிவிட்டவளிடம் எங்ஙனம் விடை கூறுவார்? எனினும் முறைச்சொல்லை விட்டு மேடம், சார் என விளிப்பது தீர்வன்று. அஃது உரையாடலையே கொன்றுவிடும். மூத்த தாதியரும் நடுவயதுப் பணியாளரும் இவ்வினாவைக் கேட்பதற்குப் பொருத்தமானவராகலாம். நம் குடும்பங்களில் அத்தை, மதினி, கொழுந்தன் போன்ற முறைகளுக்குள் கேலிக்கும் அந்தரங்கத்துக்கும் நெடுங்காலமாகவே இடம் இருந்துள்ளது. முறைச்சொற்கள் அனைத்தும் வாயடைப்பவை அல்ல.

இன்னும் ஆழமான இடர் ஒன்றுண்டு. ஆனனின் முதற்படியில் இசைவு தருபவர் மருத்துவர். கொல்கத்தா முதியவரோ இசைவைத் தேடுவது மகனிடமும் மருமகளிடமும். அவர்கள் வழியே அண்டை வீட்டாரிடமும். துணையை இழந்தவரின் நிலை இதனினும் கடிது. 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடிய ஈஸ்வரசந்திர வித்யாசாகரின் நகரம் இது. அவர் கண்முன் நின்றவர்கள் பெரும்பாலும் சிறுமியராகக் கைம்மை எய்தியவர்கள். அறுபது வயதில் துணையிழந்தவள் மீண்டும் ஒரு துணையை விழையலாம் என்பது அக்காலத்து விவாதத்துக்குள் வரவேயில்லை. காசிக்கும் பிருந்தாவனத்துக்கும் சென்ற வங்கக் கைம்பெண்டிரின் வரலாறு யாவரும் அறிந்தது. இன்றும் மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளின்படி, பிள்ளைகளுள்ள கைம்பெண் மறுமணம் செய்துகொண்டால் அவருக்குரிய குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடுகிறது; பிள்ளையற்றவர்க்கு மட்டுமே வருமான வரம்புக்கு உட்பட்டு விலக்குண்டு. அறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் அறத்தீர்ப்பு வழங்கும் விதி இது. ஐதராபாத்தில் தோடு நீடா என்னும் அமைப்பு துணையிழந்த முதியோரை ஒருவரோடொருவர் அறிமுகம் செய்து துணை தேட உதவுகிறது. அப்பெயருக்குத் தெலுங்கில் துணை, நிழல் என்பது பொருள்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை முழு மதிப்போடு கேட்க வேண்டும். வாழ்நாள் முழுதும் விருப்பமின்றி உடன்பட்டே வந்த பெண்ணுக்கு முதுமை விடுதலையாக வந்து சேர்கிறது. உடல் குளிர்ந்துவிட்டது என்னும் வங்க வழக்கு அவள் கையில் ஒரு கேடயம். பேரக்குழந்தையை அருகில் படுக்கவைத்துக்கொள்வது அக்கேடயத்தின் ஒரு வடிவம். மணவாழ்வுக்குள் மனைவியின் இசைவின்மையை வல்லுறவாகக் கொள்ளாத விலக்கு பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தவாறே 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. இந்நிலையில், நெருக்கத்தை மீட்டுத்தருகிறேன் என வரும் மருத்துவர் அறியாமலேயே கணவரின் கையாளாகிவிடலாம். இவ்வாதம் வலியது, புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கேளாதிருக்க வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது. கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதற்கே இது காரணமாகிறது. வேண்டாம் என்பதும் ஒரு விடை. அவ்விடையைக் குறித்துக்கொண்டு அதற்கேற்பப் படுக்கையையும் அறையையும் அமைத்துத் தருவதும் தொழில்வழி மருத்துவமே. பேரக்குழந்தை என்னும் கேடயம் இன்றியே மறுக்க முடிகின்ற நிலையை அவளுக்கு உருவாக்குவது, நெருக்கத்தை மீட்டுத் தருவதற்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று.

திருக்குறள் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறுகள் உண்டென்கிறது. நான்காவதாக வைக்கப்பட்ட அப்பேணுபவரே நோயாளியின் இரவுகளை அறிந்தவர். நம் மருத்துவமனைகளில் அவ்விடம் பெரும்பாலும் மகளுக்கோ மருமகளுக்கோ போய்ச்சேர்கிறது. வினாக்கள் அவர்களிடமே கேட்கப்படுகின்றன. முதியவர் தம் உடலைப் பற்றிய உரையாடலில் படர்க்கையாகிவிடுகிறார். கதவைச் சாத்திவிட்டு அவரோடு பத்து நிமிடம் தனித்துப் பேசுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

மறைத்துக் கூறல்

பேசுவதற்குச் சொல் வேண்டும். முதியோரின் பாலியல் நலம் பற்றித் தமிழில் பேச முற்படுபவருக்குக் கிடைப்பவை மூவகைச் சொற்கள்: வசைக்குரிய தெருச்சொற்கள், பாடநூலின் கலைச்சொற்கள், இலக்கியச் சொற்கள். மூன்றும் எழுபது வயது மூதாட்டியின்முன் பயன்படா. வங்க மொழியின் நிலையும் இதுவே. தாம்பத்தியம் என்னும் பொதுச்சொல்லே இருமொழியார்க்கும் கைகொடுக்கிறது. தமிழ்ப் புலமையுலகம் ஆற்றவேண்டிய பணி இவ்விடத்தில் உள்ளது. நன்னூலார் தகுதி வழக்கினுள் இடக்கரடக்கலை வைத்தார். தொல்காப்பியர் அவையல்கிளவி பற்றி விதித்தார். அவ்விதிகள் அவைக்கு ஒவ்வாதவற்றைப் பேசாதே எனத் தடுக்கவில்லை. மறைத்துக் கூறுக என்றே வழிப்படுத்துகின்றன. மறைத்தல் அங்கு அடை, கூறுதலே வினை. பிற்காலத்தார் அடையை வைத்துக்கொண்டு வினையை விட்டுவிட்டனர் எனின் மிகையாகாது. இரவில் உறக்கம் எப்படி, இருவரும் ஒரே அறையா, முன்போல் அருகிருக்க உடம்பு தடையாக இருக்கிறதா என்னும் வினாக்கள் இடக்கரடக்கலின் நல்ல எடுத்துக்காட்டுகள். அவற்றுள் இழுக்கான சொல் ஒன்றும் இல்லை. விடை கூற விரும்புபவருக்கு வழி திறந்திருக்கிறது. விரும்பாதவர் உறக்கத்தைப் பற்றி மட்டும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

மறதி நோயும் இசைவும்

இதுவரை கூறியவை தம் விருப்பத்தைத் தாமே அறிந்து கூறவல்லவரைப் பற்றியன. அல்சைமர் போன்ற மறதி நோய் கண்டவரிடம் இவ்வறம் கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறது. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதற்பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர், அந்நோயுற்ற கணவரைப் பேணுவதற்காகப் பதவியைத் துறந்தவர். பராமரிப்பு இல்லத்தில் அவர் கணவர் தம் மனைவியை மறந்து, அங்கிருந்த வேறொரு பெண்ணிடம் பற்றுக்கொண்டார். அவர் மன அமைதி பெற்றதைக் கண்டு ஓ'கானர் மகிழ்ந்ததாக 2007இல் அவர் மகன் வெளியில் கூறினார். அயோவா மாநிலத்தில் ஹென்றி ரேஹான்ஸ் என்பவர், இசைவளிக்கும் திறன் அற்றவரென இல்லத்தார் முடிவுசெய்த தம் மனைவியோடு உறவு கொண்டதாகக் குற்றம்சாட்டப்பட்டு, 2015இல் விடுவிக்கப்பட்டார். முதல் நிகழ்ச்சியில் மணஉறவுக்குப் புறம்பான பற்று பொறுக்கப்பட்டது; இரண்டாவதில் மணஉறவே குற்றக்கூண்டில் ஏறியது. இரண்டிலும் உண்மையான வினா ஒன்றே: நினைவு கலைந்தவரின் விருப்பத்தை எதைக்கொண்டு அறிவது?

நியூயார்க்கின் ரிவர்டேலில் உள்ள ஹீப்ரூ ஹோம் என்னும் இல்லம் 1995இலேயே இதற்கென எழுத்துவடிவில் கொள்கை வகுத்தது. கொல்கத்தாவிலோ சென்னையிலோ ஓர் இல்லம் அத்தகைய கொள்கையை எழுத முற்பட்டால் அதனை அப்படியே படியெடுத்தல் போதாது. அங்கு இல்லவாசி தனிமனிதர். இங்கு அவர் ஒரு குடும்பத்தின் மூத்தவர், அக்குடும்பமே கட்டணம் செலுத்துகிறது. மகன் வந்து, அம்மா அந்த ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இருக்கையை மாற்றுங்கள் என்று கேட்பான். அவனுடைய நாணம் பொய்யன்று. எனினும் அந்நாணம் அவனுடையது; கை தாயினுடையது. இங்குத் தொழில்வழி மருத்துவரிடம் உள்ள கருவி கவனிப்பு ஒன்றே. அம்மூதாட்டி அக்கை வரும்போது தளர்கிறாரா விறைக்கிறாரா, தாமே நாடிச் செல்கிறாரா, விலக நினைத்தால் விலக முடிகிறதா, அதன்பின் நன்கு உண்கிறாரா, இரவில் அலைக்கழிவு குறைகிறதா என்று நாள்தோறும் கண்டு எழுதிவைக்க வேண்டும். ஒருநாள் இசைவு மறுநாளுக்குச் செல்லாது. அவர் அவ்வாடவரைத் தம் இறந்த கணவர் என நினைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பது உண்மை. அந்நினைவு பொய்யாயினும் அமைதி மெய் என்று அமைதல் முறையா, ஏமாற்றுக்குத் துணைபோதலா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. கைகோத்தல் வரை ஒரு விடையும் அதற்கு அப்பால் வேறொரு விடையும் கூறவேண்டியிருக்கும். தீங்கு நேரக்கூடிய அளவு கூடக்கூட இசைவின் தெளிவும் கூடியாக வேண்டும். இருக்கையை மாற்றுவதற்குமுன் அந்தக் கவனிப்புக் குறிப்பேட்டை மகனோடு அமர்ந்து படிப்பதே அவ்வில்லத்தார் முதலில் செய்யத்தக்கது.